துண்டாடல் காலத்துப் பத்து வெள்ளி

தோட்டம் விற்றுப்போன செய்தியை ஆபீசிலிருந்து யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நிலம் அளக்கிறவர்கள்தான் முதலில் வந்தார்கள். இரும்புச் சங்கிலி, மூன்று கால் வைத்த கருவி, அவர்களுக்குப் பின்னால் சிவப்புச் சாய வாளியோடு ஒரு பையன். அம்மா பால் மரம் சீவிக்கொண்டிருந்த நிரையின் குறுக்கே நடந்து, எல்லைக்கு வந்த மரங்களில் எல்லாம் சாயம் தடவிக்கொண்டே போனார்கள். பள்ளி விடுமுறை என்பதால் பால் வடியும் மங்குகளைத் துடைக்க நானும் அம்மாவோடு போயிருந்தேன். பட்டையில் வழிந்த சாயம் கோட்டு வழியே இறங்கி மங்குக்குள் சொட்டியது. சாயம் கலந்த பாலை ஸ்டோரில் எடுக்க மாட்டார்கள். அந்த மங்குகளை மட்டும் அம்மா கவிழ்த்துத் தரையில் ஊற்றினார். ஒன்றும் பேசவில்லை.

அது 1960. தென் கெடாவில் கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் நடுவே, ரப்பர்க் காட்டுக்குள் இருந்த தோட்டம். மறுநாள் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், ஆபீஸ் கணக்கரான கிராணியிடம் அப்பா கேட்டார். "அளந்துட்டுப் போறாங்க, உங்களுக்கு என்ன வந்துச்சு? வேலைய பாருங்க" என்றார் கிராணி. அவருக்கும் வேலை போகப்போகிறது என்பது அவருக்கே தெரியாது என்று பின்னால் தெரிந்தது.

துண்டாடல் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். 1948-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட நிர்வாகிகளான வெள்ளைக்காரர்கள் மூவர் ஒரே நாளில் சுடப்பட்டார்கள். அதோடு அவசரகாலம் பிறந்தது. முள்வேலியும் ஊரடங்குமாக வந்த அது பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. 1957-இல் சுதந்திரம். புது அரசாங்கம் நிலத்தை என்ன செய்யுமோ என்ற பயம் ஒருபுறம். வயதான மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்தால் ஆறேழு ஆண்டுகளுக்குப் பால் இல்லாமல் காத்திருக்க வேண்டுமே என்ற கணக்கு மறுபுறம். வெள்ளைக்கார முதலாளிகள் பலர் நல்ல விலை கிடைத்தபோதே கைகழுவிக்கொள்ளப் பார்த்தார்கள். பெரிய தோட்டத்தை முழுதாக வாங்க எல்லோராலும் முடியாது. அதனால் நாலைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து முன்பணம் மட்டும் கட்டுவார்கள். தோட்டத்தை ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று தாளில் கூறு போட்டு, அந்தக் கூறுகளை முன்கூட்டியே விற்று, வந்த பணத்தில் முதலாளிக்கு மீதியைக் கட்டுவார்கள். நடுவில் நின்ற லாபம் அவர்களுக்கு. இதுதான் துண்டாடல். கூறுகளை வாங்கியவர்களில் எல்லா இனத்தாரும் இருந்தார்கள். கடைக்காரர், வாத்தியார், அரசாங்க உத்தியோகஸ்தர் எல்லாரும் இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஐந்து ஏக்கர் நிலம் சொந்தமாக வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து பெரிய அறிக்கையே எழுதினார். அந்தப் பத்தாண்டில்தான் எங்கள் தோட்டமும் அடங்குகிறது.

ஐந்து ஏக்கர்க்காரனுக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் எதற்கு? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை எதற்கு? மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் எதற்கு? தோட்டம் ஒன்றாக இருந்தவரை இவையெல்லாம் கம்பெனியின் பொறுப்பு. கூறாகிப் போன பிறகு யாருக்கும் பொறுப்பில்லை. எங்கள் லயம் இருந்த இடம் ஒருவர் பங்குக்குப் போயிற்று. தண்ணீர்க் குழாய் இன்னொருவர் நிலத்தில். மாரியம்மன் கோயில் இரண்டு பங்குகளின் எல்லைக்கோட்டில் நின்றது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கொஞ்ச காலம் யாரும் உரிமை கேட்கவில்லை. எங்கள் வாத்தியார் சைக்கிளில் வந்துகொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வருகைப் பதிவேட்டில் சில பெயர்களின் மேல் கோடு விழுந்தது. யார் எங்கே போனார்கள் என்று அவர் கேட்பார். சொல்லத் தெரிந்தவர்கள் சொல்வோம். நான் நாலாம் வகுப்பு முடிக்கும்போது என் பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன்.

வேலைநீக்கத்துக்கு நட்டஈடு என்று ஒன்று அப்போது சட்டத்தில் கிடையாது. அது விதிமுறையாக வந்ததே 1980-இல்தான். நோட்டீஸ் சம்பளம் கையில் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. முப்பது ஆண்டு உழைத்த என் பாட்டிக்கும் அதே கணக்குதான். தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் துண்டாடலைச் சட்டம் போட்டுத் தடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தது. ஆனால் எங்கள் தோட்டத்தில் சாயம் பூசின மரங்களுக்கு அந்தக் குரல் எட்டுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

கையில் ஏன் காசில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நாள் கூலி ஏறத்தாழ மூன்று வெள்ளி. மழை பெய்தால் மரம் சீவ முடியாது, கூலியும் கிடையாது. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் கடைக்காரரின் நோட்டில் ஏறும். சம்பள நாளன்று அந்த நோட்டுக்குத்தான் முதல் பங்கு. கள்ளுக்கடை ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். இத்தனைக்கும் நடுவில் பெண்கள் கூட்டு கட்டினார்கள். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஐந்து வெள்ளி போட்டு, சீட்டு விழுந்தவருக்கு ஐம்பது வெள்ளி. அம்மா போட்டிருந்த மூக்குத்தி கூட்டுப் பணத்தில் வாங்கியது. தோட்டம் உடைந்தபோது நடந்துகொண்டிருந்த கூட்டும் உடைந்தது. பணம் எடுத்தவர்கள் ஒரு திசை, எடுக்காதவர்கள் ஒரு திசை. யார் யாருக்குக் கடன்பட்டார்கள் என்பதைச் சொல்ல ஒரு தாள்கூட இல்லை. ஏமாற்ற நினைத்து யாரும் போகவில்லை. வாழ்ந்த இடமே கலைந்தபிறகு நாணயத்தை எங்கே வைத்துக் காப்பாற்றுவது?

இந்த இடத்தில் என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறி அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். சுங்கை பட்டாணியில் தந்திக் கம்பி பழுதுபார்க்கும் வேலை. தபால் தந்தி இலாகா ஊழியர்களுக்கென்று ஒரு சிக்கன, கடன் கூட்டுறவுச் சங்கம் இருந்தது; 1922 ஜூலையில் பதிவானது. மலாயாவில் பதிவான முதல் கூட்டுறவுச் சங்கமே அதுதான். வட்டிக்கடையில் சம்பளத்தை அடகு வைத்து வாழ்ந்த ஊழியர்கள், தங்கள் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கிப் பொதுவில் போட்டு, அதிலிருந்து தங்களுக்குள்ளேயே குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. சித்தப்பாவின் கல்யாணச் செலவு அந்தச் சங்கத்துக் கடன். அவருடைய சந்தாப் புத்தகத்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் விரித்துவைத்து அப்பாவுக்குக் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது. மாதாமாதம் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கையெழுத்து.

"அண்ணே, கூட்டுல தலைவர் ஓடிப்போனா பணம் போச்சு. இதுல அப்படி இல்ல. கணக்கை வருசா வருசம் எல்லாருக்கும் முன்னால படிக்கணும். நீயும் எந்திரிச்சுக் கேள்வி கேக்கலாம்."

"நான் கேட்டா பதில் சொல்லுவானுங்களா?" என்றார் அப்பா.

"சொல்லித்தான் ஆகணும். சட்டம் அப்படி."

பிறந்த நாளிலிருந்து கிராணிக்கும் தண்டலுக்கும் துரைக்கும் பதில் சொல்லியே பழகின அப்பாவுக்கு, தன் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது புதிதாக இருந்திருக்க வேண்டும். அன்று வெகுநேரம் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும்.

1960 மே 14 அன்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் வீ. தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவர், அப்போது பொதுப்பணி, தபால், தந்தி அமைச்சர். அதனால் சித்தப்பா அவரை எப்போதும் "எங்க மந்திரி" என்றுதான் சொல்வார். சம்பந்தனுடைய யோசனை எளிமையானது. ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் கட்டினால், விலைக்கு வருகிற தோட்டத்தைத் தொழிலாளிகளே முழுதாக வாங்கலாம். கூறு போட வேண்டியதில்லை. அவரும் அவர் மனைவி உமாசுந்தரியும் தோட்டம் தோட்டமாகப் போய் மக்களைப் பார்த்துப் பேசினார்கள். நாட்டை விட்டுப் போகாதீர்கள், இங்கேயே வேர் பிடியுங்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். பக்கத்துத் தோட்டத்துக் கோயில் திடலில் சங்கத்துக்காரர்கள் கூட்டம் போட்டபோது அப்பாவும் சித்தப்பாவும் சைக்கிளில் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள்.

அன்றிரவு வீட்டில் நடந்த சண்டையை நான் பாயில் படுத்துக்கொண்டே கேட்டேன்.

"பத்து வெள்ளியா? ஏங்க, மூணு நாள் கூலிங்க அது! புள்ளைங்களுக்கு என்னத்த ஆக்கிப் போடறது?"

"ஒரேடியா இல்ல புள்ள. மாசத்துக்குப் பத்து."

"மாசா மாசம்னா இன்னும் மோசம். கோயில் திருவிழாக்கு வசூல் பண்ணுனவன் கணக்கு காட்டுனானா? கூட்டுப் பணம் திரும்பி வந்துச்சா? இன்னைக்கு இருக்கிற வீடே நாளைக்கு இல்ல. இதுல தோட்டம் வாங்கப் போறாராம்!"

அம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எங்கள் தோட்டம் அளந்து முடிந்துவிட்டது. சங்கம் வந்து அதைக் காப்பாற்றப் போவதில்லை. பிறகு எதற்குக் கட்டவேண்டும்? அப்பாவிடம் இதற்கு நல்ல பதில் இல்லை. "நமக்கு இல்லாட்டி வேற எவனுக்காவது ஆகட்டும்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று இன்றும் யோசிக்கிறேன். நாளைக்கு எந்தக் கூரையில் படுப்போம் என்று தெரியாத மனிதன், முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் கூரைக்குப் பத்து வெள்ளி கட்டினான்.

கட்டியது அப்பா பெயரில். காசு சேர்த்தது அம்மா. சண்டை போட்ட அதே அம்மாதான். ஒட்டுப்பால் காசைத் தனியாக ஒரு மில்க்மேட் டின்னில் போட்டு வைத்தார். சம்பள நாளில் கடைக்காரர் நோட்டோடு வருவதற்கு முன்பே அந்த டின் அரிசிப் பானைக்குள் போய்விடும். மாதம் தவறிய சமயமும் உண்டு. மழைக்காலத்தில் தவறியது, தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது தவறியது. சந்தா வாங்க வரும் ஆள் திட்டவில்லை. அடுத்த மாதம் சேர்த்துக் கட்டச் சொன்னார். ரசீதை அம்மா கையில்தான் கொடுப்பார். அம்மா அதை வாசலில் நின்றபடியே என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். நான் படித்ததும் வாங்கி, மடித்து, இடுப்புச் சுருக்குப் பையில் வைப்பார்.

1961-இல் சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. எங்கள் கெடா மாநிலத்திலேயே, புக்கிட் சிடிம். செய்தி வந்தபோது நாங்கள் லயத்தில் இல்லை. கம்பத்து ஓரத்தில் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகைக்கு மாறியிருந்தோம். அப்பா குத்தகைக்காரரிடம் மரம் சீவினார். பெரட்டு கிடையாது; விடியற்காலையில் குத்தகைக்காரர் லாரியில் யாரை ஏற்றிக்கொள்கிறாரோ அவருக்கு அன்று வேலை. சித்தப்பா தமிழ்ப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். அம்மா அந்தச் செய்தியை என்னை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அங்க எத்தனை குடும்பம்னு போட்டிருக்கா?" என்றார்.

சங்கம் பின்னர் வாங்கிய தோட்டம் ஒன்றில் என் மாமா, அம்மாவின் அண்ணன், வேலை செய்தார். பள்ளி விடுமுறைக்கு என்னை அங்கே அனுப்பினார்கள். தொழிலாளிகள் வாங்கிய தோட்டம் என்றால் ஏதோ பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். அதே லயம், அதே குழாயடிச் சண்டை. விடியுமுன் மணி அடித்தது, பெரட்டுக்களத்தில் தண்டல் பெயர் கூப்பிட்டார். ஆயாவிடம் குழந்தைகளை விட்டுவிட்டுப் பெண்கள் காண்டா வாளியோடு காட்டுக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு நிறையப் பிள்ளைகள். ஆடித் திருவிழாவுக்குக் கோயிலில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் மாறாமல் அப்படியே இருந்தது. எங்கள் தோட்டத்தில் எதெல்லாம் இல்லாமல் போயிற்றோ அதெல்லாம் அங்கே இருந்தது. அத்தை என்னைத் தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டும்போது, "ஏன்டி அழற?" என்று கேட்டார். சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

சங்கத்தைத் தூக்கிப்பிடித்து எழுதுவதால் அதன் குறைகளை மறைக்க வேண்டும் என்பதில்லை. பங்குதாரர் ஆனாலும் மாமா மரம் சீவியது கூலிக்குத்தான். தோட்டத்தை நடத்தியவர்கள் மானேஜரும் கிராணியும்தான். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம் என்று சித்தப்பா சொன்னது உண்மை. ஆனால் கெடாவிலிருந்து கோலாலம்பூர்க் கூட்டத்துக்குப் பஸ் ஏறப் பணமும் லீவும் எத்தனை பேருக்கு இருந்தது? ஒரு கட்சித் தலைவரே சங்கத் தலைவராகவும் இருந்ததால் அரசியலும் சங்கமும் கலந்தே கிடந்தன. அன்றைய நிலையில் வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் இத்தனை ஆயிரம் பேர் நம்பிப் பணம் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். எத்தனையோ தோட்டங்கள் உடைந்தன. சங்கம் கைகொடுத்தது அவற்றில் சிலவற்றுக்கே. காப்பாற்றப்பட்ட குடும்பங்களுக்கு அது சிறிய காரியமல்ல.

அடுத்த அடி 1969-இல் விழுந்தது. மே 13 கலவரத்தின் பயம் அடங்குவதற்குள், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். அவர்களில் பலர் இந்த மண்ணில் வாழ்நாள் முழுக்க மரம் சீவியவர்கள். எழுதப் படிக்கத் தெரியாமல், மனு போட ஆளில்லாமல் விட்டவர்கள். என் பெரியப்பா அவர்களில் ஒருவர். துண்டாடலுக்குப் பிறகு அவர் மூன்று தோட்டம் மாறியிருந்தார். ஒவ்வொரு இடமாற்றத்திலும் ஏதோ ஒரு தாள் தொலைந்தது; பிறப்புப் பத்திரம் ஒன்றில், பழைய செக்ரோல் சீட்டு இன்னொன்றில். நிலைத்து ஓரிடத்தில் இருந்தவர்களுக்குச் சாட்சி சொல்ல கிராணியாவது இருந்தார். அலைந்தவர்களுக்கு யார் இருந்தார்கள்? தோட்டத்தை உடைத்தவர்கள் நிலத்தை மட்டும் உடைக்கவில்லை, அத்தாட்சியையும் உடைத்துவிட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பெரியப்பாவும் பெரியம்மாவும் பினாங்குத் துறைமுகத்தில் இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பல் ஏறினார்கள். பெரியம்மாவுக்கு நாகப்பட்டினத்தில் யாரையும் தெரியாது. அவர் பிறந்தது கூலிமில். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், பொட்டலமாகக் கட்டிய ஆட்டுக்கல் குழவி. கல்லை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் ஏன் கொண்டுபோகிறாய் என்று அம்மா கேட்டார். "கல்லு அங்க கெடைக்கும்" என்றார் பெரியம்மா. கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

அப்பா தப்பித்தார். சித்தப்பா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்பே குடியுரிமைக்கான நீல அட்டைக்கு மனு போட்டிருந்தார். அந்த மனுவோடு காட்டிய தாள்களில் சங்கத்துச் சந்தா ரசீதுகளும் இருந்தன. அதிகாரி அவற்றைப் பார்த்தாரா, பார்த்ததால்தான் கிடைத்ததா என்பது முக்கியமில்லை. ஒரு கூலித் தொழிலாளி தன் பெயரும் தேதியும் ஊரும் அச்சடித்த தாளோடு ஒரு மேசைக்கு முன்னால் போய் நிற்க முடிந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சம்பந்தன் 1979-இல் மறைந்தார். சங்கம் இன்றும் இருக்கிறது. கோலாலம்பூரில் அவர் பெயரிலேயே கட்டடம், பல மாநிலங்களில் தோட்டங்கள், உறுப்பினர்களின் பிள்ளைகள் படிப்புக்கு உதவி. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் இருந்த மற்ற இடங்களில் தாமான் குடியிருப்புகளும் கோல்ஃப் மைதானங்களும் வந்துவிட்டன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்ட மக்கள் இரண்டாம் முறையாக வெளியேற்றப்பட்டதை நான் ஆசிரியையாக இருந்து பார்த்தேன். மறுபடியும் வருகைப் பதிவேட்டில் கோடு போட்டேன், இந்த முறை என் கையால். அந்தத் தரம் பத்து வெள்ளி கேட்டு யாரும் வரவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் தோட்டத்து வேர் உள்ளவர்கள் பலர் இருப்பீர்கள். தாத்தாவோ பாட்டியோ இறந்தபின் அவர்கள் பெட்டியைத் துணி என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே பார்த்துத் தேடுங்கள். சங்கத்துப் பங்குச் சான்றிதழோ பழைய ரசீதோ இருந்தால் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போங்கள். வாரிசாகப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். தொகை சிறிதாக இருக்கலாம், விற்றுவிடாதீர்கள். உறுப்பினரான பிறகு ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். இன்று பஸ்ஸுக்குக் காசிருக்கிறது, படிக்கவும் தெரியும். கணக்கை வாங்கிப் பாருங்கள், எழுந்து நின்று கேள்வி கேளுங்கள். என் அப்பாவின் பங்கு இப்போது என் பெயரில் இருக்கிறது. நான் போகிறேன், கேட்கிறேன்.